லாஸ் வேகஸில் இறங்கி மூன்று மாநிலம் சுற்ற: புதிதாய் வந்தவர்களுக்கு ஒரு வழித்திட்டம்

அமெரிக்கா வந்த முதல் வருடம் நவம்பர் நெருங்கும்போது, அலுவலகத்தில் எல்லோரும் "தேங்க்ஸ்கிவிங்குக்கு எங்கே போகிறீர்கள்?" என்று கேட்க ஆரம்பிப்பார்கள். நவம்பரின் நான்காவது வியாழன் விடுமுறை. பல இடங்களில் வெள்ளியும் விடுமுறைதான். முன்னாலோ பின்னாலோ இரண்டு மூன்று நாள் லீவு போட்டால் ஒரு வாரம் கையில் கிடைக்கும். புதிதாய் வந்தவர்கள் அந்த ஒரு வாரத்தில் நியூயார்க், நயாகரா, வாஷிங்டன், ஃபுளோரிடா எல்லாவற்றையும் அடைக்கப் பார்ப்பார்கள். திரும்பி வரும்போது ஏர்போர்ட்டும் நெடுஞ்சாலையும்தான் நினைவில் இருக்கும்.

என் யோசனை வேறு. லாஸ் வேகஸில் விமானம் இறங்கி ஒரு காரை வாடகைக்கு எடுங்கள். நெவாடா, யூட்டா, அரிசோனா என்று ஒரு வட்டம் அடித்து வேகஸுக்கே திரும்புங்கள். சயான், பிரைஸ் கேன்யன் என்ற தேசியப் பூங்காக்கள், பேஜ் என்ற ஊர், செம்பாறைக் குன்றுகள் நிற்கும் மான்யுமென்ட் வேலி, கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்கா ஐந்தும் இந்த வட்டத்திலேயே வந்துவிடும். மொத்தம் சுமார் 1,000 மைல். எடுத்த இடத்திலேயே காரைத் திருப்பிக் கொடுப்பதால், வேறு ஊரில் விட்டால் கேட்கும் கூடுதல் கட்டணமும் இல்லை.

இந்த வரிசைக்கு இன்னொரு அழகும் உண்டு. கிராண்ட் கேன்யனின் உச்சியில் இருக்கும் பாறை அடுக்குதான் சயானின் அடித்தளம். சயானின் உச்சி அடுக்கு பிரைஸின் அடித்தளம். நிலவியலாளர்கள் இதற்கு 'கிராண்ட் ஸ்டேர்கேஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சயானிலிருந்து பிரைஸுக்கு ஏறி, அங்கிருந்து கிராண்ட் கேன்யனுக்கு இறங்கும்போது பல கோடி ஆண்டுப் படிக்கட்டில் ஏறி இறங்குகிறீர்கள்.

முதலில் தேதி

கோடையில் இந்தப் பக்கம் வெயில் கொல்லும். ஜூலையில் வேகஸிலும் கிராண்ட் கேன்யனின் அடிவாரத்திலும் 105 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது சாதாரணம். ஏப்ரல், மே, அக்டோபர் அருமையான மாதங்கள். நவம்பர் கடைசியும் நன்றாகவே இருக்கும், ஆனால் இரண்டு விஷயத்தை மனதில் வையுங்கள். ஐந்தேகால் மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். அப்புறம், பிரைஸில் பனி விழுந்திருக்கலாம். பிரைஸ் கேன்யனின் விளிம்பு 8,000 அடியிலிருந்து 9,100 அடி வரை இருக்கிறது, ஊட்டியைவிட உயரம். இரவில் தண்ணீர் உறையும் குளிர். ஸ்வெட்டர் மட்டும் போதாது, கையுறையும் குல்லாயும் வேண்டும்.

வேகஸில் தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய வார இறுதி வாக்கில் ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயம் நடக்கிறது. அந்த நாட்களில் ஹோட்டல் விலை எகிறிவிடும், சாலைகளும் அடைபடும். அது முடிந்த பிறகு இறங்குவது மாதிரி டிக்கெட் போடுங்கள்.

முன்பதிவு எந்த வரிசையில்

விமானம், கார், தங்குமிடம் என்றுதான் வழக்கமாகப் போடுவோம். இங்கே முதலில் போட வேண்டியது பேஜ் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் குறுகிய பாறை இடுக்கான ஆன்டிலோப் கேன்யன் டூர். அது நவஹோ பழங்குடியினரின் நிலம், வழிகாட்டி இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது. விடுமுறை வாரத்துக்கு இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். அந்த நாளும் நேரமும் உறுதியானதும் மற்றதை அதற்கு முன்னும் பின்னும் கோத்துக்கொள்ளலாம்.

'அப்பர்', 'லோயர்' என்று இரண்டு உண்டு. படங்களில் பார்க்கும் அந்த ஒளிக்கற்றை அப்பரில் விழுவது, அதுவும் மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை, உச்சிப் பொழுதில்தான். நவம்பரில் போகிறவர்கள் அதற்காக அப்பருக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. லோயரில் செங்குத்தான இரும்புப் படிகள் உண்டு. முழங்கால் வலி உள்ள அம்மா அப்பாவோடு போனால் அப்பர் பரவாயில்லை, உள்ளே தரை சமமாக இருக்கும். திரும்பி வரும் வழியில் படிகள் உண்டா என்று மட்டும் முன்பதிவின்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

தங்குமிடம் எடுக்கும்போது கட்டணமில்லாமல் ரத்து செய்யும் வசதியோடு எடுங்கள். சயானுக்கு ஸ்பிரிங்டேல், பிரைஸுக்கு டிராபிக், கிராண்ட் கேன்யனுக்கு டுசையான் ஆகியவை வாசலிலேயே இருக்கும் ஊர்கள், விலை அதற்குத் தகுந்த மாதிரி. சயானுக்கு செயின்ட் ஜார்ஜிலும், கிராண்ட் கேன்யனுக்கு வில்லியம்ஸிலும் தங்கினால் மிச்சமாகும். ஆனால் தினமும் ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் ஓட்டுவீர்கள். அந்த ஒரு மணி நேரம்தான் விடியலும் அந்தியும். இந்தப் பாறைகளுக்கு நிறம் வருவதே அந்த நேரத்தில்தான் என்பதால், வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

வேகஸ் ஹோட்டல்களில் திரையில் தெரியும் வாடகைக்கு மேல் 'ரிசார்ட் ஃபீ' என்று ஒரு தொகை ஒவ்வொரு இரவுக்கும் சேரும். கார் நிறுத்தவும் பல இடங்களில் தனிக் காசு. மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

பூங்கா பாஸ்

சயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் மூன்றிலும் ஒரு காருக்கு 35 டாலர். மூன்றுக்கும் தனித்தனியாகக் கட்டினால் 105. வருடாந்திர பாஸ் 80 டாலர்தான், எல்லா தேசியப் பூங்காக்களுக்கும் பன்னிரண்டு மாதம் செல்லும். 2026 ஜனவரியிலிருந்து ஒரு மாற்றம்: 80 டாலர் விலை அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு மட்டும், வெளிநாட்டிலிருந்து சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு அதே பாஸ் 250 டாலர். பாஸ் இல்லாத வெளிநாட்டினரிடம் இந்த மூன்று பூங்காக்கள் உட்பட 11 இடங்களில் வழக்கமான கட்டணத்துக்கு மேல் தலைக்கு 100 டாலர் வாங்குகிறார்கள். பாஸ் எடுக்கும்போது இங்கே வசிப்பதைக் காட்ட உங்கள் மாநில ஓட்டுநர் உரிமத்தைக் கையில் வையுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால், கிளம்புவதற்கு முன் தேசியப் பூங்காத் துறையின் இணையதளத்தில் கட்டண விதிகளை ஒரு முறை படித்துவிடுங்கள்.

ஆன்டிலோப், மான்யுமென்ட் வேலி, பேஜ் பக்கத்தில் கொலராடோ ஆறு வளையும் ஹார்ஸ்ஷூ பெண்ட் மூன்றிலும் இந்த பாஸ் செல்லாது. முதல் இரண்டும் நவஹோ நிலம், மூன்றாவதில் கார் நிறுத்தக் காசு வாங்குவது பேஜ் நகராட்சி.

கார்

25 வயது ஆகாதவர்களுக்குத் தினசரி கூடுதல் கட்டணம் உண்டு. இந்திய உரிமத்தில் ஓட்டுகிறவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் ஊரிலேயே வாங்கி வந்துவிடுவது நல்லது, கவுண்டரில் வாக்குவாதம் மிச்சம். இன்னொருவரும் ஓட்டுவதாக இருந்தால் ஒப்பந்தத்தில் அவர் பெயரைச் சேர்த்தே ஆக வேண்டும். பெயர் இல்லாதவர் ஓட்டும்போது விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும்.

இன்சூரன்ஸில்தான் புதியவர்கள் குழம்புவார்கள். உங்கள் காருக்கு ஏற்கெனவே பாலிசி இருந்தால் பெரும்பாலும் வாடகைக் காருக்கும் அது நீளும், போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சொந்தக் கார் இல்லாதவர்கள் கவனிக்க வேண்டும்: பல கிரெடிட் கார்டுகள் தரும் பாதுகாப்பு வாடகைக் காருக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டும்தான். நீங்கள் அடுத்தவர் மேல் இடித்தால் அது வராது. அதற்கு லயபிலிட்டி கவரேஜ் தனியாக எடுக்க வேண்டும். கவுண்டரில் அவசரப்படுத்துவார்கள், முதல் நாளே முடிவெடுத்துவிட்டுப் போங்கள்.

சாவி கையில் வந்ததும் காரைச் சுற்றி ஒரு வீடியோ எடுங்கள். டயர், கண்ணாடி, பம்பரின் கீழ்ப்பக்கம் எல்லாம் தெரிய வேண்டும்.

கேஸ் (இங்கே பெட்ரோலுக்கு அதுதான் பெயர்) போடுவதில் இரண்டு சின்ன விஷயம். பம்ப் ஜிப் கோடு கேட்டு இந்திய கார்டை மறுத்துவிட்டால் பதற வேண்டாம். உள்ளே போய் பம்ப் எண்ணைச் சொல்லி முன்பணம் கட்டினால் போடலாம். யூட்டாவில் 'ரெகுலர்' என்று எழுதியிருப்பது பல இடங்களில் 85 ஆக்டேன். பெரும்பாலான கார்கள் கேட்பது 87, பொத்தானை அழுத்துமுன் எண்ணைப் பாருங்கள். பாதித் தொட்டி ஆனதும் நிரப்பிவிடுவது இந்தப் பக்கத்துப் பழக்கம். கேனாப், பேஜ், கயென்டா என்று ஊர்கள் உண்டு, ஆனால் நடுவே நெடுந்தூரம் ஒன்றும் இருக்காது. போனில் சிக்னலும் போய்விடும். ஆகவே வரைபடத்தை வேகஸிலேயே ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள்.

இருட்டிய பிறகு மலைப் பாதையில் ஓட்டாதீர்கள், மான்கள் குறுக்கே பாயும். போலீஸ் விளக்கு பின்னால் மின்னினால் வலப்பக்கம் ஓரம் கட்டி, கண்ணாடியை இறக்கி, இரண்டு கையும் ஸ்டியரிங்கில் தெரிய உட்கார்ந்திருங்கள். ஊரில் செய்வது போலக் கதவைத் திறந்து இறங்கிப் போய்ப் பேசக் கூடாது. பாஸ்போர்ட், அமெரிக்காவுக்குள் வந்த பதிவான ஐ-94இன் அச்சுப் பிரதி இரண்டும் கைப்பையில் இருக்கட்டும்.

கடிகாரம்

இந்தப் பயணத்தில் ஆட்களைத் தடுக்கி விழ வைப்பது மணிதான். நெவாடா பசிபிக் நேரம். யூட்டா அதைவிட ஒரு மணி முன்னால். அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, ஆனால் அரிசோனாவுக்குள் இருக்கும் நவஹோ நிலம் மாற்றுகிறது. நவம்பர் முதல் ஞாயிறு தொடங்கி மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை தொல்லையில்லை: யூட்டா, அரிசோனா, நவஹோ எல்லாம் ஒரே நேரம், வேகஸ் மட்டும் ஒரு மணி பின்னால். கோடையில் போனால் பேஜ் ஊரில் உங்கள் போன் பக்கத்து யூட்டா கோபுரத்தைப் பிடித்து ஒரு மணி கூட்டிக் காட்டலாம். ஆன்டிலோப் டூர் நடப்பது பேஜ் நேரப்படி, அதாவது அரிசோனா நேரப்படி. போனில் நேரத்தைத் தானாக மாறாமல் நிறுத்தி வைத்துவிடுங்கள்.

சாப்பாடு

வேகஸில் இந்திய மளிகைக் கடையும் உணவகங்களும் இருக்கின்றன. அதைத் தாண்டினால் சுத்த சைவக்காரர்களுக்குக் கஷ்டம்தான். சின்ன ரைஸ் குக்கர், அரிசி, புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, ஊறுகாய், ஒரு டப்பா தயிர். இது இருந்தால் ஒரு வாரம் ஓட்டிவிடலாம், பெரும்பாலான மோட்டல் அறைகளில் ஃபிரிட்ஜும் மைக்ரோவேவும் இருக்கும். குக்கரை இங்கேயே வாங்குங்கள். ஊரிலிருந்து கொண்டு வந்தது 230 வோல்ட் சாமான், இங்கே 120 வோல்ட்டில் அரிசி வேகாது. தயவுசெய்து அறைக்குள் கடுகு தாளிக்காதீர்கள். புகை அலாரம் அலறினால் மொத்த மோட்டலும் ராத்திரியில் வாசலுக்கு வந்து நிற்கும்.

வெளியே சாப்பிடும்போது மெக்சிகன் கடைகளில் பீன்ஸ் கேட்டால் பன்றிக் கொழுப்பில் வதக்கியதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். நவஹோ பக்கம் 'ஃபிரை பிரெட்' கிடைக்கும், நம் பட்டூராவுக்கு ஒன்றுவிட்ட அக்கா. தேன் ஊற்றிச் சாப்பிட்டால் நன்றாக இருக்கும். தேங்க்ஸ்கிவிங் வியாழனன்று சின்ன ஊர்களில் கடைகள் சீக்கிரம் மூடும், சில திறக்கவே திறக்காது. புதனன்றே வேண்டியதை வாங்கி வண்டியில் வையுங்கள். கேலன் கணக்கில் தண்ணீரும்.

நாள்வாரியாக

முதல் நாள் வேகஸிலிருந்து ஸ்பிரிங்டேல், சுமார் 160 மைல். ஐ-15 நெடுஞ்சாலையில் போகும்போது அரிசோனாவின் ஒரு மூலை வழியாக வர்ஜின் ஆற்றின் குறுகிய பள்ளத்தாக்கைக் கடப்பீர்கள். மத்தியானத்துக்குள் கிளம்பினால் வெளிச்சத்தில் அதைப் பார்க்கலாம்.

இரண்டாம் நாள் முழுக்க சயானுக்கு. பொதுவாக மார்ச் முதல் நவம்பர் வரை உள்ளே சொந்தக் காரில் போக முடியாது, இலவச ஷட்டில் பஸ்தான். கூட்டத்துக்கு முன் காலையிலேயே ஏறிவிடுங்கள். கடைசி நிறுத்தத்தில் இறங்கி ஆற்றோரமாக நடக்கும் 'ரிவர்சைடு வாக்' போக வர 2.2 மைல், தளம் போட்ட பாதை, வயதானவர்களும் மெல்ல நடக்கலாம். பாதை முடியும் இடத்தில் ஆற்றுக்குள்ளேயே இறங்கி நடப்பதுதான் 'நேரோஸ்'. இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கான அடி சுவர், நடுவே முழங்கால் தண்ணீர். நவம்பரில் தண்ணீர் பனிபோல் இருக்கும் என்பதால் ஸ்பிரிங்டேல் கடைகளில் நீர்புகா உடையும் காலணியும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு போங்கள். வெள்ள எச்சரிக்கை இருக்கிறதா என்று அன்று காலை கட்டாயம் விசாரியுங்கள். 'ஏஞ்சல்ஸ் லேண்டிங்' உச்சிக்கு 2022 ஏப்ரலிலிருந்து குலுக்கலில் அனுமதி வாங்க வேண்டும். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கத்திமுனை போன்ற பாறை மேல் போகும் வழி அது. உயரம் என்றால் தலைசுற்றுகிறவர்கள் படத்தில் பார்த்துக்கொள்ளலாம், குறை ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள் கிழக்கு வாசல் வழியாக பிரைஸுக்கு, 85 மைல். வளைந்து வளைந்து ஏறி, 1930இல் திறந்த 1.1 மைல் நீளச் சுரங்கத்துக்குள் நுழைவீர்கள். பாறையில் வெட்டிய சன்னல்கள் வழியே வெளிச்சம் பளிச் பளிச்சென்று வந்து போகும், நடுவில் நிறுத்த அனுமதியில்லை. வெளியே வந்ததும் வலப்பக்கத்தில் சின்ன நிறுத்துமிடம், அங்கிருந்து போக வர ஒரு மைல் நடந்தால் 'கேன்யன் ஓவர்லுக்'. பிரைஸில் 'சன்செட் பாயின்ட்', 'சன்ரைஸ் பாயின்ட்' இரண்டுக்கும் நடுவே அரை மைல் சமமான பாதை. பெற்றோரை அதில் நடக்க விட்டு, கால் வலுவுள்ளவர்கள் 'குயின்ஸ் கார்டன்' வழியாகக் கீழே இறங்கி 'நவஹோ லூப்'பில் ஏறி வரலாம். பனி இருந்தால் காலணியில் மாட்டும் முள்பட்டை வேண்டும். இங்கே இரவு தங்கி, மறுநாள் விடியலை விளிம்பில் நின்று பாருங்கள். ஆரஞ்சுக் கல்தூண்கள் ஒவ்வொன்றாக உள்ளிருந்து எரிவது மாதிரி ஆகும். என்னைக் கேட்டால் இந்த வட்டத்திலேயே முதலிடம் பிரைஸுக்குத்தான். கிராண்ட் கேன்யன் ஆட்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

நான்காம் நாள் பேஜ், 150 மைல். மாலையில் ஹார்ஸ்ஷூ பெண்ட். கார் நிறுத்த 10 டாலர், போக வர ஒன்றரை மைல் நடை. கொலராடோ ஆறு 1,000 அடி கீழே லாடமாக வளைகிறது. தடுப்புக் கம்பி ஒரு பகுதியில்தான் உண்டு, மற்ற இடமெல்லாம் வெறும் விளிம்பு. செல்ஃபி எடுக்கப் பின்னால் நகருகிறவர்களைப் பார்த்தாலே வயிறு கலங்கும். குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

ஐந்தாம் நாள் காலை ஆன்டிலோப். பை எதுவும் உள்ளே விட மாட்டார்கள், போனும் தண்ணீரும் போதும். மேலே மேகம் தெரியாவிட்டாலும் மழை அறிவிப்பு இருந்தால் டூரை ரத்து செய்துவிடுவார்கள். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. 1997 ஆகஸ்டில் எங்கோ மைல்கள் தள்ளிப் பெய்த மழை இந்த இடுக்குக்குள் வெள்ளமாகப் பாய்ந்து 11 பேரைக் கொண்டுபோனது. டூர் முடிந்து 125 மைல் ஓட்டினால் மான்யுமென்ட் வேலி. உள்ளே 17 மைல் மண் சாலை. பல வாடகை ஒப்பந்தங்கள் தார் போடாத சாலையில் ஓட்டத் தடை போடுகின்றன, படித்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள். நவஹோ வழிகாட்டியின் ஜீப்பில் போவது நிம்மதி, பொதுக் கார்கள் போகாத இடமும் காட்டுவார். நவஹோ நிலத்தில் மது வைத்திருக்கவே கூடாது, ட்ரோனுக்கும் தடை. ஆட்களைப் படமெடுக்குமுன் கேட்டுவிடுங்கள்.

ஆறாம் நாள் கிராண்ட் கேன்யன், 180 மைல். கேமரன் ஊரில் திரும்பிக் கிழக்கு வாசல் வழியாக நுழைந்தால், முதலில் வருவது 'டெசர்ட் வியூ' காவற்கோபுரம். மேரி கோல்ட்டர் என்ற பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1932இல் எழுந்தது. அங்கிருந்து கிராண்ட் கேன்யன் கிராமம் வரை சாலையோரம் பார்வை முனைகள் வரிசையாக வரும். எல்லாவற்றிலும் நிறுத்தாமல் இரண்டு மூன்றில் நன்றாக நின்று பாருங்கள். யாவபை அருங்காட்சியகத்திலிருந்து விளிம்போடு போகும் பாதையில் 'ட்ரெயில் ஆஃப் டைம்' என்று ஒன்று உண்டு. ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் ஆண்டு. ஓரத்தில் அந்தந்தக் காலத்துப் பாறையை வைத்திருக்கிறார்கள், தொட்டுப் பார்க்கலாம். பள்ளத்தாக்கின் அடியில் கறுப்பாகத் தெரியும் பாறையின் பெயர் விஷ்ணு, வயது சுமார் 170 கோடி ஆண்டு. எதிரே நிற்கும் சிகரங்களில் பிரம்மா, சிவா, விஷ்ணு மூவருக்கும் 'டெம்பிள்' உண்டு. 1880களில் இங்கே ஆய்வு செய்த கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளருக்குக் கீழைநாட்டுப் பெயர்கள் மேல் அப்படி ஒரு மோகம். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவிடம் சொன்னால் உடனே கும்பிடு போடுவார்.

ஒரே நாளில் ஆற்றுக்கு இறங்கி ஏறிவிடலாம் என்று யாரும் நினைக்காதீர்கள். இறங்குவது சுலபம், ஏறுவதற்கு இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். 'பிரைட் ஏஞ்சல்' பாதையில் ஒரு அரை மணி இறங்கித் திரும்பினாலே போதும், விளிம்பில் நிற்பவர்கள் பார்க்காத பள்ளத்தாக்கு தெரியும். வடக்கு விளிம்பைத் திட்டத்தில் சேர்க்க வேண்டாம். குளிர்காலத்தில் அங்கே மூடிவிடுவார்கள், 2025 கோடைத் தீயில் அங்கிருந்த பழைய லாட்ஜும் எரிந்துபோனது.

ஏழாம் நாள் வேகஸுக்கு 280 மைல். கிங்மன் தாண்டி வரும்போது ஹூவர் அணை. 726 அடி உயரம், 1935இல் திறந்தது. அணையின் இரண்டு பக்கக் கோபுரங்களிலும் கடிகாரம் உண்டு, ஒன்று நெவாடா நேரம், மற்றது அரிசோனா நேரம்.

ஏழு நாள் இல்லையா? ஐந்து நாளென்றால் மான்யுமென்ட் வேலியையும் பிரைஸையும் விட்டுவிட்டு, சயானிலிருந்து நேராகப் பேஜ், அங்கிருந்து கிராண்ட் கேன்யன். நான்கே நாள் என்றால் சயானும் பிரைஸும் மட்டும். கிராண்ட் கேன்யனை விட மனசு வராதுதான். ஆனால் வேகஸிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப ஒன்பது மணி நேரம் ஓட்ட வேண்டும், பேருந்து டூரிலும் அதே கதைதான். அதை அடுத்த விடுமுறைக்கு வையுங்கள், பாஸ் அப்போதும் செல்லும்.

காரைத் திருப்பிக் கொடுக்குமுன் விமான நிலையத்துக்குச் சில மைல் முன்னாலேயே கேஸ் நிரப்புங்கள், பக்கத்துப் பம்புகளில் விலை அதிகம். ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். டிக்கி, சீட் இடுக்கு, சார்ஜர் மாட்டிய இடம் எல்லாம் பாருங்கள், குக்கரின் வயர் பெரும்பாலும் மோட்டலிலேயே நின்றிருக்கும். திரும்பவும் காரைச் சுற்றி ஒரு வீடியோ. வாடகைக் கார் மையத்திலிருந்து முனையத்துக்கு ஷட்டில் பஸ் பிடிக்க வேண்டும், தேங்க்ஸ்கிவிங் ஞாயிறன்று பாதுகாப்புச் சோதனை வரிசையும் நீளமாக இருக்கும். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே காரை ஒப்படைத்துவிடுங்கள்.